கடைசி ரீலுக்கு முன் எழுந்து போன பெண்

1. கதவு யார்?

லேடீஸ் கேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மகளுக்கு ஏழு மாதம். அதற்கு மூன்று வாரம் முன்பு என் கணவருக்கு வொர்க்‌ஷாப்பில் வலது கை மிஷினில் மாட்டிக்கொண்டது. கட்டு பிரிக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். ஆபீஸ் வேலைக்குத்தான் அலைந்தேன். கிடைத்தது அல்சூர் பக்கத்தில் ஒரு டாக்கீஸில், பெண்கள் பகுதி வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. மேட்னி ஷோ மட்டும். அந்த மூன்று மணி நேரமும் குழந்தையை அவர் ஒற்றைக் கையால் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

முதல் நாள் மேனேஜர் ரங்கசாமி நாயுடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எஸ்.எஸ்.எல்.சி.ன்னாங்க. பூகோளமெல்லாம் தெரிஞ்சிருக்கும். லேடீஸ் கேட் வேலை தெரியுமாம்மா?”

“தெரியாதுங்க சார்.”

“நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க வந்தா தூங்கறாங்க.”

பெண்கள் பகுதியையும் ஆண்கள் பகுதியையும் நடுவே ஓர் ஆள் உயரத் தட்டி பிரித்தது. எங்களுக்குத் தனி வாசல், வாசலுக்கு வெளியே நீளமான வராந்தா, அதில் ஒரு பெஞ்சு. வேலை எளிது. டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கம்பியில் குத்த வேண்டும். வருகிறவர்களை “உக்காருங்க, கூத்கொள்ளி, பைட்டோ” என்று தமிழ், கன்னடம், உருது மூன்று பாஷையிலும் உட்கார வைக்க வேண்டும். கைக்குழந்தை அழுதால் வாங்கி வெளியே கொண்டுபோய்ச் சமாதானம் செய்ய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விதி இருந்தது. அண்ணனோ கணவனோ பெண்களை எங்கள் வாசல்வரை கொண்டு வந்து, “பாத்துக்கோங்கம்மா” என்று சொல்லி விட்டுவிட்டுப் போவார்கள். படம் முடிந்ததும் அதே வாசலுக்கு வந்து அழைத்துப் போவார்கள். நடுவில் ஒரு பெண்ணும் வெளியே போகக் கூடாது.

“இந்தக் கதவை நம்பித்தான் பொம்பளைங்களை இங்க அனுப்பறாங்க” என்றார் மேனேஜர். “கதவு போச்சுன்னா லேடீஸ் கூட்டமே போச்சு. கதவு யாரு?”

“நான்தான் சார்.”

“பாஸ்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் உள்ளே இருந்த தலைகளை எண்ணிக்கொண்டே நின்றேன். இருட்டில் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தது. வீட்டில் அவர் பாலைக் காய்ச்சினாரா, ஆறவிட்டாரா என்ற கவலை வேறு. படம் என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

2. அழுகைப் படம்

இரண்டு மாதம் கழித்து அந்தப் படம் வந்தது. பெயர் வேண்டாம். காதலர் இருவர். பெண்ணின் அப்பா முதலில் யோசிப்பதாகச் சொல்கிறார், பிறகு மறுக்கிறார், கடைசியில் மனம் மாறிச் சம்மதம் சொல்லி ஆள் அனுப்புகிறார். அந்த ஆள் மழையில் வந்து சேர்வதற்குள் இருவரும் ஆற்றில் இறங்கிவிடுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

முதல் வாரமே மேனேஜர் எங்கள் வாசலில் வந்து நின்று, வெளியே வருகிற பெண்களின் முகத்தைப் பார்த்தார்.

“சிரிச்சுக்கிட்டு வந்தா ஒரு வாரம் ஓடும். இப்படி மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்தா ஆறு வாரத்துக்கு நான் ஆடுவேன்” என்றார். அவருக்கு அது வியாபாரம். எனக்கு அது பயமாக இருந்தது.

மழைக் காட்சி தொடங்கும்போது முன்வரிசையில் ஒருத்தி விசும்புவாள். அது பின்வரிசைவரை பரவும். தாய்மார் குலுங்கிக் குலுங்கி அழ, மடியில் தூங்கிய குழந்தைகள் விழித்துக்கொண்டு வீறிடும். இரண்டு மூன்றை நான் ஒரே சமயத்தில் வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவேன். யாருடைய குழந்தையோ அழ, என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பேன்.

அழுவதற்கென்றே வந்தவர்கள் இருந்தார்கள். மர்பி டவுனிலிருந்து வந்த இரண்டு பேர் டிக்கெட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே பேசியது நினைவிருக்கிறது.

“போன தடவை சரியா அழவே முடியல. மாமியாரு பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க.”

“இன்னிக்கு?”

“கழட்டி விட்டுட்டு வந்திருக்கேன். நிம்மதியா அழணும்.”

அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அழுது முடித்து, சோடா குடித்து, கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டே போவார்கள். சின்னப் பெண்களைப் பற்றித்தான் கவலை. ஒருத்தி மயங்கி விழுந்தாள். இன்னொருத்தி எல்லாரும் போன பிறகும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்களை இந்த நிலையில் அண்ணன் கையில் ஒப்படைத்துவிட்டால் என் பொறுப்பு முடிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மேனேஜரிடம் கேட்டேன்.

“கதவுக்கு இந்தப் பக்கம்தாம்மா உன் வேலை” என்றார்.

3. தட்டுக்கு எதிரே நின்று பேசும் காட்சி

வசந்தாவைக் கொண்டுவந்து விட்டவன் அவளுடைய அண்ணன் தனபால். அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். புகையிலைக் கம்பெனியில் பாக்கிங் வேலை. சனிக்கிழமை அரை நாள் என்பதால் மேட்னிக்கு வர முடிந்தது.

“இவ கடைசிவரைக்கும் பாக்கணும்மா. நடுவுல தூங்கினா தட்டி எழுப்புங்க” என்றான் தனபால்.

“ஏங்க, அப்படி என்ன?”

“லவ் பண்ணினா என்ன ஆவுதுன்னு கடைசியிலதான் காட்டறானாம்.”

வசந்தா அவன் பக்கம் கையை நீட்டினாள். “கடலை வாங்கிக் குடு அண்ணா. ரெண்டு பேரு சாவறதைச் சும்மாவா பாக்கறது?”

திட்டிக்கொண்டே வாங்கிக் கொடுத்தான்.

மழைக் காட்சி தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவள் எழுந்து என்னிடம் வந்தாள். “அக்கா, கொஞ்சம் வெளிய விடுங்க.” பாத்ரூமுக்கு என்று நினைத்து விட்டேன். அவள் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்து கடலையை உரித்தாள். உள்ளே விளக்குப் போட்டதும் கூட்டத்தில் கலந்துகொண்டு அண்ணனிடம் போனாள்.

“பாத்தாளா?” என்று அவன் என்னைக் கேட்டான்.

“பாத்தாங்க” என்றேன். அந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது. ஏன் சொன்னேன் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அவளே கேட்டு வந்தாளாம். “புத்தி வருது பாத்தீங்களா” என்றான் தனபால் பெருமையாக. அன்றைக்கும் மழைக்கு முன் வெளியே வந்தாள். மூன்றாவது சனிக்கிழமை நான் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவளிடம் கேட்டுவிட்டேன்.

“முடிவு பிடிக்கலன்னா எதுக்கும்மா திரும்பத் திரும்ப வர்றே?”

“முடிவுக்கு வரல அக்கா. அந்தப் பொண்ணு அவங்கப்பா முன்னாடி நின்னு பேசுதே, அதுக்கு வர்றேன்.”

இடைவேளைக்குப் பிறகு வரும் காட்சி அது. அப்பா சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். மகள் தட்டுக்கு எதிரே நின்று, தன் மனதில் இருப்பதை ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாமல் சொல்லி முடிக்கிறாள். அவர் எழுந்து போகாமல் கேட்கிறார்.

வசந்தாவின் மனதில் இருந்தவர் பிரேசர் டவுனைச் சேர்ந்த ஜோசப். அதே பாக்கிங்கில் வேலை. அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அண்ணன் தன் வழியில் போய்ச் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

“எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. அந்தப் பொண்ணு எங்க நிறுத்துது, எங்க மூச்சு விடுதுன்னு பாத்து வச்சிருக்கேன்” என்றவள் எழுந்து நின்று சொல்லிக் காட்டினாள். “அப்பா, ஒரு விஷயம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்து போகாதீங்க.” அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “படத்துல ‘தந்தையே’ங்குது. எங்கப்பாகிட்ட அப்படிச் சொன்னா, எந்த டிராமா கம்பெனியில சேந்தேன்னு கேப்பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளில் இருந்த குழந்தையும் அழுகையை நிறுத்தியது.

“ஜோசப்பும் படத்தைப் பாத்தாரா?”

“அவரா? பக்கத்துல ஆளுங்க இருந்தா அழ வெக்கமாம். வர மாட்டாரு.”

“முடிவு என்னன்னு உனக்குத் தெரியும்தானே?”

“ஊரே சொல்லிடுச்சு. கேக்கறது வேற, பாக்கறது வேற அக்கா. பாத்துட்டா அது உள்ள போய் உக்காந்துக்கும். இன்னும் ரெண்டு தடவை பாத்தா முழுசும் வாயில வந்துடும். அப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமை சொல்லிடுவேன்.”

நல்லது என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். அப்பா முன் நின்று அப்படி ஒரு வாக்கியம் நான் சொன்னதில்லை, சொல்ல வேண்டியும் வரவில்லை. “பாத்து செய்ம்மா” என்று மட்டும் சொன்னேன். அது எந்தப் பக்கமும் சேராத பேச்சு.

4. வெளியே யாரும் இல்லை

நான்காவது சனிக்கிழமை தனபால் சீக்கிரமே வந்துவிட்டான். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருக்க, வராந்தா பெஞ்சில் அவன் தங்கை கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நேரே மேனேஜர் ரூமுக்குப் போனான். “உங்க கதவை நம்பித்தானே விட்டுட்டுப் போறோம்? யாரைப் பாக்க வெளிய வந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று அவன் கேட்டது வராந்தா முழுவதும் கேட்டது. மேனேஜர் அவனுக்குக் காப்பி வரவழைத்துச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எத்தனை வாரமா இது?”

“நாலு வாரம் சார்.”

“எஸ்.எஸ்.எல்.சி. அம்மா, நாளைக்கு அந்தப் பொண்ணு இங்கிருந்து எவன்கூடவோ போயிட்டா, தட்டிக்கு அந்தப் பக்கத்து ஆம்பளைங்க நாலு பேரு சேந்து சண்டைக்கு வந்தா இந்தக் கொட்டகை நிக்குமா? உங்க வீட்டுக்காரரு கைக்காகப் பாக்கறேன். இன்னொரு தடவை நடந்தா நீ வர வேண்டாம்.”

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைவே இல்லை. என் கணவருடைய விரல்கள் அப்போதுதான் மெல்ல மடங்கத் தொடங்கியிருந்தன. இந்த வேலை போனால் என்ன செய்வது என்று ஒரு பக்கம். மேனேஜர் சொன்னதில் தப்பில்லையே என்று இன்னொரு பக்கம். அவள் என்னிடம் பொய் சொல்லியிருந்தால்? ஜோசப் வராந்தாவுக்கு வந்திருந்தால்? வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தால் அவளைத் தடுப்பது எளிதாக இருந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை தனபாலும் டிக்கெட் எடுத்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். வசந்தா என் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தாள். மறுநாள்தான் அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை.

மழைக்கு முன் எழுந்து வந்தாள்.

“அக்கா.”

“உள்ள போம்மா.”

“வெளிய வேண்டாம். கதவோரமா நின்னுக்கறேன். அஞ்சே நிமிஷம்.”

“மேனேஜர் நிக்கறாரு வெளிய.”

உண்மையில் நான் வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை. அவர் தன் ரூமில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் அவள் வாய் மூடிவிட்டது. திரும்பிப் போய் உட்காரவும் இல்லை. என் பக்கத்தில், மூடிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். மூடவில்லை.

மழை வந்தது, ஆறு வந்தது. வரிசை வரிசையாகப் பெண்கள் அழுதார்கள், குழந்தைகள் வீறிட்டன. நான் போய் வாங்கக்கூட இல்லை. வசந்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்தக் கொட்டகையில் அன்று அழாத பெண் அவள் ஒருத்திதான்.

“பாத்தாளா?” என்றான் தனபால் வாசலில்.

“பாத்தாங்க” என்றேன். பொய்யாக இருந்தபோது சுலபமாக வந்த சொல், அன்றைக்கு உண்மையாக இருந்தும் சுலபமாக வரவில்லை.

5. தண்ணீர்க் குழாய்

ஆறாவது சனிக்கிழமை அவள் வரவில்லை.

நான் வீட்டுக்குப் போகும் வழி அல்சூர் ஏரிக்கரை. அன்று கரையில் நின்று தண்ணீரையே பார்த்தேன். படத்தில் வந்தது ஆறு, இது ஏரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால் என்ன ஆறுதல் என்று தெரியவில்லை. அழாத அவள் முகமே கண்ணுக்குள் நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போயிற்று.

“வேற படத்துக்குப் போயிருப்பா” என்றார் என் கணவர்.

“அவ இந்தப் படத்துக்கு மட்டும்தாங்க வருவா.”

“அப்ப போய்ப் பாத்துட்டு வா. நீ இங்க உக்காந்துக்கிட்டு, குழந்தை மூச்சு விடுதான்னு பாக்கறேன்னு காலையிலேர்ந்து நாலு தடவை எழுப்பிட்டே. திரும்பத் தூங்க வைக்க எனக்கு இருக்கறது ஒரு கைதான்.”

திங்கட்கிழமை காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மர்பி டவுனுக்குப் போனேன். வீடு அங்கேதான், அப்பா தண்ணீர் லைனில் வேலை செய்பவர் என்று அவள் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லி விசாரித்தேன். விசாரிக்கவே பயமாக இருந்தது. கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கேட்டேன். ஒருவர் தெருக்கோடியைக் காட்டினார்.

தெருக்கோடியில் குழாயடி. போகும்போதே அவள் குரல் கேட்டது.

“குடத்தை வச்சுட்டுப் போய்த் தோசை தின்னுட்டு வந்தா எடம் உன்னுதாயிடுமா? குடமா நிக்குது க்யூவுல, நீ நின்னியா?”

பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசந்தா திரும்பினாள்.

“அட, அக்கா. பாப்பாவா இது?” என்று கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள்.

“ஏம்மா வரல? பயந்துட்டேன்.”

“நேத்து நிச்சயம் ஆச்சு அக்கா. ஓசூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. அடுத்த மாசம் கல்யாணம். கம்பெனியை விட்டு நின்னுட்டேன்.” குழந்தையின் விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

“அப்பாகிட்டப் பேசலையா?”

“பேசப் போனேன். அந்த ஞாயித்துக்கிழமை சாப்பிட உக்காந்தாரு. தட்டுக்கு எதிர்லயே போய் நின்னேன். ‘அப்பா, ஒரு விஷயம்’னேன். அவரும் கையை நிறுத்திட்டு நிமிந்து பாத்தாரு. அதுக்கு அடுத்தது வரணும் இல்ல? மழைதான் வந்துச்சு. அந்தப் பொண்ணோட தலைமுடி தண்ணி மேல மிதக்குதே, அதான் வந்துச்சு. என்னம்மாங்கறாரு. ரசம் ஊத்தட்டுமாப்பான்னுட்டேன்.”

குழாயில் அவள் குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்றவள் முணுமுணுத்தாள்.

“அது படம்தானே வசந்தா. கடைசி ரீல் யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதினது. அதை நம்பி நீ...”

“முன்னாடி வர்றதும் யாரோ எழுதினதுதானே அக்கா. அதை நம்பித்தானே அவ்வளவு தைரியம் வந்துச்சு. ஒண்ணை நம்பிட்டு இன்னொண்ணை எப்படி நம்பாம இருக்கறது?”

கதவைத் திறந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நீங்க மனசுல வச்சுக்காதீங்க. ஒருவேளை நல்லதுக்குத்தானோ என்னவோ” என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

6. இப்போது நான் செய்வது

என் கணவர் மறுபடி வேலைக்குப் போய்விட்டார். என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் அதே வாசலில்தான் இருக்கிறேன். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று பத்திரிகையில் அறிவித்திருந்ததால் இதை எழுதுகிறேன். என்னைவிடத் தைரியசாலி ஒருத்தி அன்று அந்த வாசலில் நின்றிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

வசந்தாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். ஜோசப் என்ன ஆனார் என்று தெரியாது. அன்று நான் கதவைத் திறந்திருந்தால் அவள் பேசியிருப்பாளா, பேசியிருந்தாலும் அவள் அப்பா கேட்டிருப்பாரா, கேட்டிருந்தாலும் அது நன்றாக முடிந்திருக்குமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் வருகிறது. படம் பார்த்துவிட்டுப் பெண்கள் செத்துப் போவார்களோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே நின்று ஒரு பெண் வாயை மூடிக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதும் சோகப் படங்கள் வருகின்றன. மேனேஜர் இப்போதும் வாசலில் நின்று முகங்களைப் பார்க்கிறார். முடிவுக்கு முன் எந்தப் பெண்ணாவது எழுந்து வந்தால் நான் காரணம் கேட்பதில்லை. முதலில் வராந்தாவை எட்டிப் பார்க்கிறேன். யாரும் இல்லையென்றால் தாழ்ப்பாளை எடுக்கிறேன். மேனேஜர் நின்றால் நானும் அவளோடு வெளியே போகிறேன். “புழுக்கமா இருக்காம் சார், நான் பக்கத்துலயே நிக்கறேன்” என்கிறேன்.

அப்படிச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ஆனாலும் தாழ்ப்பாள் திறக்கத்தான் செய்கிறது. இதை அன்றைக்கே செய்திருக்கலாம்.